உங்களுக்குத் தெரியுமா? பாடிப் பாடிப் படிகம் வெட்டுபவள்

◆ பத்தாண்டுகள் குரல்பயிற்சி பெற்ற பெண் கில்லஷாண்ட்ரா ரீ. இறுதித் தேர்வில், “குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது, முதன்மைப் பாடகியாக முடியாது” என்று கைவிரித்துவிடுகிறார்கள். ஆன் மெக்காஃப்ரி எழுதிய ‘கிரிஸ்டல் சிங்கர்’ (1982) நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. ‘கில்லஷாண்ட்ரா’ (1985), ‘கிரிஸ்டல் லைன்’ (1992) ஆகியவை அடுத்த பாகங்கள்.

◆ மேடை மறுத்தவளைப் பாலிபிரான் என்ற கிரகம் ஏற்றுக்கொள்கிறது. அங்கே வேலைக்குச் சேர, பிசகாத சுருதிஞானம் வேண்டும். பாறை முன் நின்று ஒரு ஸ்வரம் பாடினால், உள்ளிருக்கும் படிகம் அதிர்ந்து பதில் தரும். அந்தச் சுருதிக்கு ஒலிக்கத்தியைக் கூட்டி, படிகத்தை வெட்டியெடுப்பார்கள்.

◆ கறுப்புப் படிகத்துக்குத்தான் கிராக்கி அதிகம். கிரகம் விட்டுக் கிரகம் நொடியில் பேச அதுவே கருவி.

◆ அக்கிரகத்தின் நுண்ணுயிர் பாடகர் உடலில் குடியேறி, காயத்தை விரைவில் ஆற்றும், ஆயுளை நீட்டும். ஆனால் குழந்தைப்பேறு இல்லை. போகப் போக நினைவும் தேய்ந்துவிடும்.

◆ மெக்காஃப்ரியும் முறையாகக் குரலிசை பயின்றவர். ஆபரா மேடையில் பணியாற்றியவர். புனைகதைக்காக ஹியூகோ விருது பெற்ற முதல் பெண் (1968) அவரே.

◆ இசைமேதைப் பெண் அவருக்குப் பிடித்த நாயகி போலும். ‘டிராகன்சாங்’ (1976) நாவலின் மெனோலி, தந்தை பாடத் தடை விதித்ததால் வீட்டைவிட்டு வெளியேறும் மீனவக் குடும்பத்துப் பெண்.