ஒற்றும் ஒற்றரும்

'ஒற்று' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவேறு பொருள் உண்டு. புள்ளி பெற்ற மெய்யெழுத்தும் ஒற்று. பகைவரின் மறையை அறிந்து வந்து உரைப்பானும் ஒற்று. இலக்கணமும் போரியலும் ஒரு சொல்லில் வந்து கூடுவதை வகுப்பறையிற் பலகாலும் எடுத்துக் கூறியிருக்கின்றேன். அவ்விரண்டும் ஒரே செய்தியிற் கூடிய வரலாறொன்று நம் கொழும்பு மாநகரிலேயே உண்டு என்பதைப் பலர் அறியார்.

1942ஆம் ஆண்டு சனவரியில், சிங்கப்பூர் வீழ்வதற்கு முன்னரே, பிரித்தானியக் கடற்படையின் வானொலி ஒற்றர் அங்கிருந்து கொழும்புக்கு வந்து, பெம்புரோக் என்னும் பள்ளியில் நிலைகொண்டனர். மாணாக்கர் பாடங்கேட்ட மனையில் யப்பானியக் கடற்படையின் தந்திக்குறிகள் கேட்கப்படலாயின. வாளும் வேலும் வேண்டாத இவ்வகைப் போரை இக்காலத்தார் மின்னணுப் போர் என்பர். அதன் முதற் படைக்கலம் செவி.

குறிகளைக் கேட்டெழுதியோருட் பெரும்பாலார் யப்பானிய மொழி அறியாதவர். அவர் பெற்ற பயிற்சி எழுத்துப் பயிற்சியே. ஆங்கில எழுத்துக்குரிய குறிகள் 26. யப்பானியக் 'கானா' எழுத்துக்குரியனவோ ஏறத்தாழ அதன் இருமடங்கு. அவ்வெழுத்துக்கள் நம் உயிர்மெய்யை ஒத்தவை. க, கி, கு, கெ, கொ என ஒவ்வொன்றும் தனித்து ஒலிப்பவை. பௌத்தத்தோடு யப்பான் சென்ற வடமொழி எழுத்துக் கல்வியின் தாக்கம் அவ்வரிசையிற் காணப்படும் என்பர் அறிஞர். உயிரின்றி நிற்கும் எழுத்து அங்கே ஒன்றே உண்டு. அது நம் னகர ஒற்றைப் போன்றது.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் சிக்கிய மறைமொழிச் செய்திகள் தாக்குதலுக்குரிய ஓரிடத்தைக் குழூஉக்குறியாற் சுட்டின. அவ்விடம் யாதென ஐயுற்றிருந்த வேளையில், ஒரு செய்தியில் அப்பெயர் எழுத்தெழுத்தாக, 'கொ-ரொ-ன்-பொ' என வந்தது என்று ஆங்குப் பணியாற்றியோர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். லகரம் இல்லாத மொழியாதலின் ரகரம் வந்தது. அஃது நம் கொழும்பே!

துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல அகற்றப்பட்டன. பிரித்தானியக் கடற்படை இலங்கைக்குத் தெற்கே காத்து நின்றது. ஏப்ரல் முதல் நாளளவில் வருமென எதிர்பார்த்த பகை வாராமையால், நீரும் எரிபொருளும் வேண்டி மாலைதீவின் அட்டு தீவுக்கு மீண்டது. 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கனடிய வீரர் பேர்ச்சல் பகைக் கப்பற்படையைக் கண்டு செய்தி விடுத்தார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகமும், வெள்ளவத்தைக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமான நிலையமும் தாக்குண்டன. அன்று கடலில் மூழ்கிய கோர்ன்வால், டோர்செற்சயர் என்னும் இரு போர்க்கப்பல்களில் மட்டும் 424 பேர் மாண்டனர். எழுத்துப் பிழைபடவில்லை, நாட்கணிப்புப் பிழைத்தது.

பின்னர் ஒற்றருட் பெரும்பாலார் ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்குப் பெயர்ந்தனர். 1943இல் மீண்டு, கொழும்பின் அண்டர்சன் கோல்ஃப் திடலில் நிலையம் அமைத்தனர். அங்கே கடற்படைப் பெண்டிரும் முறைவைத்துப் பணிபுரிந்தனர். போர் முடிந்த பின்னும் நெடுங்காலம் அவர்தம் பணி வெளியே பேசப்படவில்லை.

லகர ளகர ழகர வேறுபாட்டை யான் வற்புறுத்தும்போது, "ஐயா, எழுத்துப் பிழையால் எவர் செத்தார்?" என்று மாணவன் ஒருவன் வினவியதுண்டு. வகுப்பு நகைத்தது. யான் இவ்வரலாற்றைக் கூறினேன். பொருள் அறியாத மொழியிலும் ஓரெழுத்தை மற்றோர் எழுத்தாகக் கேளாதிருக்க முயன்ற செவிகளால் அன்று கப்பல்கள் பல தப்பின என்றேன். நகைப்பு அடங்கிற்று.

கேள்விக்கு ஓரதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓரதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். முன்னது அறிஞர்பாற் கேட்பது. பின்னது பகைவர்பாற் கேட்பது. இரண்டிற்கும் வேண்டுவது ஒன்றே: நாம் விரும்புவதைக் கேளாமல், சொல்லப்பட்டதைக் கேட்டல். பொருள் விளங்கும் தாய்மொழியிலேயே அதனைச் செய்யத் தவறுகின்றோமே! மாணவ அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக.