மைதானக் கணக்கு – 11: எந்தப் படியில் கால் வைப்பது?

சென்ற வாரம் ஜே.சி.டி., மஹிந்திரா யுனைடெட் என, நடத்திய கம்பெனிகளே பூட்டுப் போட்ட கால்பந்து கிளப்களைப் பார்த்தோம். அவை போனது போனதுதான். சென்னை சிட்டி எஃப்.சி. விஷயம் வேறு. நாளைக்கே ஒருவர் பணத்தோடு வந்து “நான் எடுத்து நடத்துகிறேன்” என்றால், அதை லீகின் எந்த அடுக்கில் கொண்டுபோய் வைப்பது?

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீகின் கடைசி நாள். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் பட்டம். சறுக்கினால், அதே நேரம் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டியிடம் பதில் இல்லை. பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்ஸி, அடுத்து கௌரவ் போரா, ஆட்டம் முடியும் தறுவாயில் மறுபடியும் போரா. 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது, பலனில்லை. 43 புள்ளிக்கு 42. ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மான்ஸிக்கு அந்த சீசனில் 21 கோல். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். அதற்கு முந்தைய மாதம்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. (அந்த ஊர் ரசிகர்கள் நம் காசு ஏன் இந்தியாவுக்குப் போகிறது என்று சண்டை போட்டது தனிக்கதை.)

2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. அதற்கு முந்தைய சீசனில் கடைசி இடம் பிடித்த நெரோகா அணிகூட இருந்தது.

காணாமல் போன கிளப் திரும்பி வந்தால் எங்கே வைப்பது என்ற இதே கேள்வி இங்கிலாந்து ரக்பியில் பலமுறை எழுந்து, இரண்டு விதமாகப் பதிலும் கிடைத்திருக்கிறது. 1999-ல் ரிச்மண்ட் கிளப்பின் தொழில்முறை அணி கடனில் மூழ்கியது. காசு வாங்காமல் ஆடும் கிளப் மட்டும் பிழைத்தது. அதை லீகின் அடிமட்டத்தில் விட்டார்கள். இரண்டாம் அடுக்குக்குத் திரும்ப 2016 வரை ஆனது. 2016 கடைசியில் மூழ்கிய லண்டன் வெல்ஷுக்கும் அதே வழிதான். அவர்களும் கீழ் அடுக்கில்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் 2022-ல் திவாலான வூஸ்டர் வாரியர்ஸ் மூன்றே ஆண்டில், 2025-26 சீசனுக்கு, நேராக இரண்டாம் அடுக்கில் வந்து இறங்கியது. புதிய உரிமையாளர் ரக்பி சார்ந்த பழைய கடன்களைத் தீர்க்க வேண்டும் என்பது ரக்பி சங்கத்தின் நிபந்தனை. பாக்கியைத் தீர்த்தால் மேல்மாடி, இல்லையென்றால் திண்ணையிலிருந்து தொடங்கு. எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை, பதினாறு ஆண்டு ஏறி வந்த ரிச்மண்ட்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும் என்பதைத் தவிர.

கௌரவமாகக் கடை கட்டிய ரக்பி கிளப் ஒன்று நம் நாட்டிலேயே இருந்தது. 1873-ல் தொடங்கிய கல்கத்தா கிளப்பில் சில ஆண்டுகளிலேயே ஆள் குறைந்தது. டென்னிஸ், போலோ பக்கம் போய்விட்டார்கள்; இலவச மது நின்றதும் ஒரு காரணமாம். கணக்கை மூடி, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பையாக்கி 1878-ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் ஆடுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். கிளப் 1884-ல் மறுபடி உயிர்பெற்றது. யாருக்கும் பாக்கி வைக்காமல் மூடியவர்களை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது.

எங்கள் ஊரப்பாக்கத்தில் மாலையில் பந்து உதைக்கும் பையன்களில் ஒருவன் சென்னை சிட்டியின் ஆரஞ்சு ஜெர்சி போட்டிருந்தான். முதுகு எண் உரிந்து பசைத் தடம் மட்டும் இருந்தது. அண்ணனுடையதாம். “இந்த டீம் இப்ப எங்க சார் ஆடுது?” என்றான்.

அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த கிளப் 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகப் பிறந்தது. ஆனால் ஐ-லீகுக்கு அது படிப்படியாக ஏறிப் போகவில்லை. 2016 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நேரடி இடம் கொடுத்தது. ஜனவரியில் லீக் தொடங்கிவிட்டது. இன்றைக்கு நேர்வழி என்றால் சென்னைக் கால்பந்து சங்கத்தின் டிவிஷன்கள்தான் வாசல். சீனியர் டிவிஷனுக்கே ஏற வேண்டும். அங்கே நன்றாக ஆடி, தமிழ்நாட்டின் சார்பில் ஐ-லீக் 3, பிறகு ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக். அதில் முதலிடம் பிடித்தால் உச்சியிலுள்ள ஐ.எஸ்.எல்., பஞ்சாபும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் போனது போல. எந்தப் படியிலும் வழுக்காவிட்டால்கூட நான்கைந்து ஆண்டு.

இதைச் சுருக்க ஒரே நியாயமான வழி வூஸ்டர் வழிதான். வீரர், பயிற்சியாளர், மசாஜ் செய்தவர் வரை யாருக்காவது பாக்கி இருந்தால் அதைத் தீர்த்த ரசீதோடு வரட்டும், ஐ-லீக் 2-ல் இடம் கேட்கட்டும். வெறும் பெயரும் லோகோவும் வாங்கிக்கொண்டு வருகிறவரை சென்னையின் கீழ் டிவிஷனுக்கு அனுப்பலாம். அந்த அணியில் பேர் வாங்கிய மைக்கேல் சூசைராஜும் நந்தகுமாரும் எட்வின் வன்ஸ்பாலும் அவரவர் கால் பலத்தில் ஐ.எஸ்.எல். போய்விட்டார்கள், அவர்களைக் காட்டி யாரும் சலுகை கேட்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர் சென்னையுடையது, கூட்டம் கோவையுடையது. சென்னை டிவிஷனில் சேர்ந்தால் ஆரம்ப ஆண்டுகளில் ஆட்டங்கள் சென்னை மைதானங்களில்தான். அங்கே ஒரு வேலைநாள் மதியம் பார்க்க வருவது வீரர்களின் வீட்டாரும் எதிரணி ஆட்களும். 2019-ல் ஸ்டேடியத்தை நிரப்பிய கோவைக்காரர் அதற்காக ரயில் ஏறி வரமாட்டார். கோவை மாவட்டச் சங்கத்தில் சேருவதென்றால் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டும். வாங்குகிறவர் வீரர்களைத் தேடும் முன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

(அடுத்த வாரம்: வங்கி, ரயில்வே அணிகள்)