பழைய பேரேடுகளின் புதுப் பயன்

கொல்கத்தாவின் கிழக்கே அண்மைக் காலத்தில் எழுந்த நியூ டவுன் நகரில் அலுவலகக் கணக்குகள் கணிப்பொறியில் பதிவாகின்றன. ஆயினும் வங்காளப் புத்தாண்டன்று வணிகர்கள் ‘ஹால் காத்தா’ எனும் புதுக்கணக்குத் தொடங்கும் வழக்கம் மறைந்துவிடவில்லை. சிவப்புத் துணி போர்த்த கணக்கேடு விநாயகர், இலக்குமி திருமுன் வைத்து வணங்கப்படுகிறது. திரைப்பட மேதை சத்யஜித் ராய் காட்சி அமைப்புகளையும் உடைகளையும் வரைந்து, குறிப்பெழுதி வைத்தது ‘கேரோர் காத்தா’ எனும் இத்தகைய சிவப்பு ஏடுகளில்தான்.

கணக்கேட்டைக் கலைஞர் நாடுவதற்குக் காரணம் அதன் தாளிலேயே உள்ளது. பேரேடு பல்லாண்டு புரட்டப்படுவது. பிழையைச் சுரண்டித் திருத்தினாலும் மை ஊறக்கூடாது. எனவே உயர்தரப் பேரேட்டுத் தாள் கந்தல் துணிக் கூழால் செய்யப்பட்டு, விலங்குப் பசை ஏற்றப்பட்டது. பிற்கால மரக்கூழ்த் தாள்கள் பலவற்றில் அமிலம் மிகுந்திருப்பதால் அவை பழுப்பேறி நொறுங்குகின்றன. பழமை ஒன்றே தரத்துக்குச் சான்றாகாது.

கோடிடும் இயந்திரத்தில் வரிசையாகப் பொருத்திய பேனாக்களின் கீழ்த் தாள் நகர்ந்து செல்லும். அந்த மை பெரும்பாலும் நீரில் கரைவது. ஆகவே நீர்வண்ணம் தீட்டுவோர் முதலில் ஓரத்தில் சோதித்தல் நலம்.

இத்தாளில் பிறந்த ஓவிய மரபும் உண்டு. அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர், எருமைத் தோலில் வரைந்த போர், வேட்டைக் காட்சிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணக்கேடுகளில் தீட்டினர். 1875 முதல் 1878 வரை புளோரிடாவின் மேரியன் கோட்டையில் சிறைப்பட்டிருந்த சையேன், கயோவா வீரர்களின் படைப்புகள் இன்று அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன.

புத்தகக் கட்டுக்கலைக்கும் பேரேட்டின் கொடை பெரிது. கனத்த ஏடு எந்தப் பக்கத்திலும் தட்டையாக விரிந்து நிற்கும்படி முதுகில் விறைப்பான வில் அமைக்கும் முறைக்கு 1799-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. பழைய உறுதியான தாளை அட்டையின் உட்புறத் தாளாகவும், முதுகுக்கு வலுவூட்டவும் பயன்படுத்தலாம். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக அமைதல் வேண்டும். மாறினால் ஏடு நெளியும்.

எனினும் எழுதிய பேரேடு வெறுந்தாள் அன்று. அன்றைய விலைவாசி, கூலி, கடன், வட்டி ஆகியவற்றின் சான்று அதில் உறைகிறது. எடைக்குப் போட்டோ, அலங்காரத்துக்கென இதழ் இதழாகப் பிரித்தோ விட்டால், யாருடைய கணக்கு, எந்த ஆண்டினது என்ற தொடர்பு அறுந்து, சான்று மதிப்பிழக்கிறது. ஏட்டின் இறுதியில் எஞ்சிய வெற்றுத் தாள்கள் கலைஞருக்கும் கட்டுநருக்கும் உரியவை. எழுதிய ஏடுகளோ முழுமையாக ஆவணக் காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ காட்டப்பட வேண்டியவை. இந்தப் பாகுபாடு பேணப்பட்டால் கலையும் வளரும், சிறு வணிகரின் வரலாறும் காக்கப்படும்.