உங்களுக்குத் தெரியுமா? தவ்ஹுவும் மண்ணும்

பினாங்கு சூலியா தெருவில் இரவு ஒரு தட்டு மீ கோரெங் வாங்கினால் தவ்ஹு துண்டுகளும் கிச்சாப்பும் சேர்ந்தே வரும். இரண்டுமே சோயா. ஆனால் மலேசியாவுக்கு வேண்டிய சோயா ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வந்து இறங்குவதுதான். பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி அது. ஆண்டு முழுதும் பகல் சுமார் 12 மணி நேரமே இருக்கும் இந்தப் பகுதியில் குளிர்நாட்டு ரகத்தை விதைத்தால், முழங்கால் உயரம் வளருமுன்பே பூத்து ஓய்ந்துவிடும்.

◆

சோயா மண்ணுக்கு உரமிடும் பயிர் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு விதையோடு மூட்டைக்குப் போய்விடுகிறது. மிஞ்சும் சருகும் சீக்கிரம் மக்கிப்போக, அடுத்த மழைக்கு நிலம் வெறுமையாய்க் கிடக்கும். சோயா வயலுக்கு மண்ணைப் போர்த்திக் காக்கும் மூடுபயிர் தேவைப்படுவது இதனால்தான்.

◆

பிரேசிலின் பரானா மாநிலத்தில், ரோலாந்தியாவில், எர்பெர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972-இல் உழாமலே சோயா விதைத்தார். கொட்டும் மழை உழுத மண்ணை அரித்துப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. பின்னாளில் அந்நாட்டின் செராடோ சமவெளியில் சோயாவுக்கு நிலப்போர்வையாகப் பரவியது எது தெரியுமா? நாம் கூழ் காய்ச்சும் கம்பு! அதை வளர்த்துச் சாய்த்து, அந்தத் தாளின் ஊடே விதை போடுகிறார்கள். பெரும்பாலும் களைக்கொல்லி அடித்துத்தான் கம்பைக் காயவைக்கிறார்கள் என்பது எனக்கு உவப்பில்லை. உருளை ஓட்டி நசுக்கிச் சாய்க்கும் முறையும் இருக்கிறது. அது பரவ வேண்டும்.

◆

மூடுபயிர் மலாயாத் தமிழருக்குப் புதிதன்று. பால்மரத் தோட்டங்களில் தொடக்க காலத்தில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார் சட்டம். நம் முன்னோர் லாலாங் புல்லையும் மற்றக் களைகளையும் கொத்திக் கொத்தி நிலத்தைத் துடைத்து வைத்தார்கள். மேல்மண் மழையோடு சரிவிறங்கிப் போனது. அந்த உழைப்பு மண்ணுக்கே எதிராகத் திருப்பப்பட்டதை நினைத்தால் மனம் கனக்கிறது. பிறகுதான் பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசிமா போன்ற அவரைக் குடும்பக் கொடிகளைப் படரவிட்டார்கள். இளந்தோட்டத்தில் இவை ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 150 கிலோ அளவில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரங்களும் முன்கூட்டியே பால் வெட்டும் பருவத்துக்கு வந்தன.

◆

இன்று செம்பனைத் தோட்டங்களை மூடிக் கிடக்கும் முக்குனா பிராக்டியேட்டா, பூனைக்காலிக்கு உறவுக்காரக் கொடி. திரிபுராக் காடுகளில் கிடந்தது, கேரள ரப்பர் தோட்டம் வழியாக 1990-களில் மலேசியா சேர்ந்தது. மாடு அவ்வளவாகத் தொடாது, வறட்சி தாங்கும். இங்கே தாழ்நிலத்தில் விதை கட்டுவது அரிது என்பதால் இந்தியாவிலிருந்து விதை தருவிக்கிறார்கள்.

◆

தமிழ்நாட்டில் சோயா விதைக்கும்முன் ரைசோபியம் நுண்ணுயிர்ப் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்துவார்கள். அது வேலை செய்கிறதா என்று அறிய, பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யூரியா மூட்டையைத் தேடிப் போக வேண்டாம்.