டெர்பிக்கு மூத்தது ஓக்ஸ்

குதிரைப் பந்தயம் என்றதும் யான், குருண், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சூதாட்டம்தான். சம்பளப் பணத்தைப் பந்தயத்தில் தொலைத்தவர்களின் கதையைக் கேட்காத தோட்டமக்கள் குறைவு. 1864-இல் தோன்றிய பினாங்கு குதிரைப் பந்தயக் கழகம் 2025-இல் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு பந்தயம் நின்றுபோனது. திடல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும் இவ்வேளையில், இப்பந்தயங்கள் எதற்காகத் தொடங்கின என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு நல்ல விடை தருவது, இளம் பெண் குதிரைகளுக்கு மட்டுமே உரிய ஓக்ஸ் பந்தயம்.

பெயர் வந்த விதம்

இங்கிலாந்தின் எப்சம் நகருக்கு அருகே, டெர்பி பிரபுக்களின் வரிசையில் 12-ஆவதாக வந்தவருக்கு ‘தி ஓக்ஸ்’ என்றொரு மாளிகை இருந்தது. அவரும் நண்பர்களும் சேர்ந்து, மூன்று வயதுப் பெண் குதிரைகள் ஒன்றரை மைல் ஓடும் பந்தயம் ஒன்றை 1779-இல் தொடங்கினர். மாளிகையின் பெயரே பந்தயத்தின் பெயராயிற்று. முதலில் வென்ற ‘பிரிட்ஜெட்’ அப்பிரபுவின் குதிரையே.

உலகமே அறிந்த டெர்பி பந்தயம் அதற்கு அடுத்த ஆண்டு, 1780-இல்தான் பிறந்தது. ஆக, பெண் குதிரைகளின் பந்தயமே மூத்தது.

தனிப் பந்தயம் ஏன்?

பெண் குதிரை பலவீனமானது, அதனால்தான் தனியே ஓடவிடுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டெர்பியில் பெண் குதிரைகளும் ஓடலாம். அவற்றுக்கு எடையில் 3 ராத்தல் சலுகை உண்டு. ஆனால், காயடித்த ஆண் குதிரைக்கு அங்கே இடமே இல்லை. இதிலிருந்தே நோக்கம் விளங்கும். நல்ல வம்சத்தை உருவாக்கத் தகுந்த குதிரை எது என்று கண்டறியும் தேர்வுதான் இப்பந்தயங்கள். தந்தையைத் தேர்ந்தெடுக்க டெர்பி உதவியது. தாயைத் தேர்ந்தெடுக்க ஓக்ஸ் உதவியது.

இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2004-இல் ஓக்ஸ் பந்தயத்தை வென்ற ‘வீஜா போர்டு’ 19-ஆவது டெர்பி பிரபுவுக்குச் சொந்தமானது. அது ஈன்ற ‘ஆஸ்திரேலியா’ என்ற குதிரை 2014-இல் டெர்பியை வென்றது. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று நம் முன்னோர் சொன்னது சும்மாவா?

ஆண் குதிரைகளை வீழ்த்தியவையும் உண்டு. 1801-இல் எலினோர், 1857-இல் பிளிங்க் போனி, 1908-இல் சிக்னோரினெட்டா, 1916-இல் ஃபிஃபினெல்லா ஆகிய நான்கும் ஒரே ஆண்டில் ஓக்ஸ், டெர்பி இரண்டையும் வென்று காட்டின.

கடல் கடந்த புகழ்

பிரான்சில் 1843-இலும், அமெரிக்காவின் கென்டக்கியில் 1875-இலும், ஜப்பானில் 1938-இலும் இதே போன்ற பந்தயங்கள் தோன்றின. மும்பை மகாலட்சுமி திடலில் நடைபெறும் இந்திய ஓக்ஸ் 2,400 மீட்டர் தூரம் கொண்டது. அதில் நான்கு வயதுப் பெண் குதிரைகள் ஓடுகின்றன. 1943-இல் நடந்த முதல் இந்திய டெர்பியை வென்றதும் ஒரு பெண் குதிரைதான். பரோடா மகாராஜாவின் ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’ அது.

தமிழ்நாட்டிலோ குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமையின் ஆட்டம் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பைப் பணம் கட்டுவோர் தங்களுக்குச் சாதகமாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஓடும் திறமை குதிரைக்கு உண்டு. ஓட்டும் திறமை ஜாக்கிக்கு உண்டு. வம்சம் அறிந்து வளர்க்கும் திறமை உரிமையாளருக்கு உண்டு. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்பவருக்கோ, குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் போய்விடுமே என்ற பதற்றம் மட்டும்தான் மிச்சம். குதிரையின் வரலாற்றைப் படிக்கலாம், வியக்கலாம். அதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.