உலர் திராட்சையும் நல்லெண்ணெயும்: ஊட்டச்சத்து ஒப்பீடு

உலர் திராட்சை என்பது திராட்சைப் பழத்தின் நீரை வற்றவைத்துப் பெறப்படுவது. நல்லெண்ணெய் எள்ளை ஆட்டி எடுக்கப்படும் சமையல் எண்ணெய். முன்னதில் பழத்திலிருந்து பெரும்பாலும் நீர்தான் வெளியேறுகிறது. பின்னதில் விதையிலிருந்து கொழுப்பு மட்டும் பிரிக்கப்படுகிறது. இவற்றின் ஊட்டச்சத்து வேறுபாடு பெரிதும் இதனால் வருவதே.

100 கிராம் உலர் திராட்சையில் சுமார் 300 கிலோ கலோரி ஆற்றல் உண்டு. புதிய பழத்தில் இது 70 அளவுதான். நீர் வற்றுவதால் சர்க்கரை செறிவடைகிறது. ஒரு கிலோ உலர் திராட்சைக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பழம் தேவை. கார்போஹைட்ரேட் 79 கிராம். அதில் பெரும்பகுதி குளுக்கோசும் ஃபிரக்டோசும். நார்ச்சத்து 4 கிராம், புரதம் 3 கிராம், பொட்டாசியம் 750 மில்லிகிராம் அளவில் உள்ளன. கொழுப்பு அரை கிராம் மட்டுமே. பழத்திலிருந்த வைட்டமின் சி-யின் பெரும்பகுதி உலரும்போதே அழிந்துவிடுகிறது.

நல்லெண்ணெய் முழுக்கக் கொழுப்பு. 100 கிராமுக்கு 884 கிலோ கலோரி. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் ஏறத்தாழ 14 கிராமும், ஒற்றை நிறைவுறா அமிலங்கள் 40 கிராமும், பன்மை நிறைவுறா அமிலங்கள் 42 கிராமும் உள்ளன. உடலால் தானே உருவாக்க முடியாத லினோலெயிக் அமிலம் கடைசி வகையைச் சேர்ந்தது. புரதமோ நார்ச்சத்தோ இதில் இல்லை.

தோலுடன் கூடிய 100 கிராம் எள்ளில் 975 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும், 14 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் உண்டு. இந்த எண்களை அப்படியே நல்லெண்ணெய்க்கும் ஏற்றிச் சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது, அது தவறு. தாது உப்புகள் எண்ணெயில் கரைவதில்லை. அவை புண்ணாக்கில் தங்கிவிடுகின்றன. செக்கில் ஆட்டும்போது சேர்க்கப்படும் கருப்பட்டியும் அப்படியே; அது எண்ணெய் பிரிய உதவுமே தவிர, அதன் சத்து எண்ணெயில் இறங்குவதில்லை. எள்ளின் சுண்ணாம்புச்சத்து வேண்டுமெனில் எள்ளுருண்டையாகவோ எள்ளுப் பொடியாகவோ எள்ளையே உண்ண வேண்டும்.

உலர் திராட்சையைப் பற்றிய நம்பிக்கையும் சற்று மிகையானது. இரத்தசோகைக்கு இதுவே மருந்து என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் 100 கிராமில் இருக்கும் இரும்புச்சத்து 2 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், அரை மில்லிகிராம் அளவே. வயது வந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஈர்க்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவில் ஊறவைப்பதால் பழம் மென்மையாகும், இரும்புச்சத்து கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ள நிலையில், ஊறவைத்த திராட்சையை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

100 கிராம் கணக்கு ஒப்பிடுவதற்கே உதவும். அந்த அளவில் யாரும் எண்ணெய் உண்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கிலோ கலோரி, ஒரு கைப்பிடி உலர் திராட்சை 90 கிலோ கலோரி. நீரிழிவு உள்ளவர்கள் அந்தக் கைப்பிடியிலுள்ள சர்க்கரையையும் அன்றைய உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணெயின் பயன் வேறு வகையானது: கீரை, கேரட் போன்றவற்றிலுள்ள கரோட்டினைக் குடல் உறிஞ்சக் கொழுப்பு தேவை. கீரைக் கடைசலில் விடும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் அதற்குப் போதும்.