பழைய வால்வு ரேடியோவுக்குப் புதிய கண்டென்சர்

1938-இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. அதன் பிறகு சித்தூர், திருப்பதி தமிழர் வீடுகளுக்குத் தமிழைக் கொண்டுவந்து சேர்த்தவை மர்பி, புஷ், பிலிப்ஸ் போன்ற வால்வு ரேடியோக்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு பெட்டி இருந்தால், "பாடுகிறதா பார்ப்போம்" என்று உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள்.

வால்வு சும்மா கிடந்து பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது கண்டென்சர் எனும் மின்தேக்கியே. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உள்ளே உலர்ந்துபோகும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். அந்தக் கசிவு அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போனால் வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும்; டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகலாம். கண்டென்சர் சில ரூபாய்தான். அதே டிரான்ஸ்பார்மர் மீண்டும் கிடைப்பது அரிது.

புதியதை வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வோல்ட். பழையதில் அச்சிட்ட அளவுக்குக் குறையவே கூடாது, கூடினால் பாதகமில்லை.

இரண்டாவது, மைக்ரோஃபாரட். 0.02-க்கு 0.022, 0.05-க்கு 0.047, 8-க்கு 10 போடலாம். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று 100 போடாதீர்கள். ரெக்டிபயர் வால்வு தாங்காது. ஈ.இஸட். 80 வால்வுக்கு உச்சவரம்பு 50 மைக்ரோஃபாரட்.

மூன்றாவது, வகை. காகிதத்துக்குப் பதில் 630 வோல்ட் பாலியெஸ்டர் நல்லது. மைக்கா கண்டென்சர் நன்றாயிருந்தால் தொட வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக்கில் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. மெயின்ஸ் கம்பியோடு சேரும் இடத்தில் எக்ஸ் அல்லது ஒய் பாதுகாப்பு வகைதான் வேண்டும். இரு மெயின்ஸ் கம்பிகளுக்கு இடையே எக்ஸ், மெயின்ஸ் கம்பிக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒய்.

ரயில்வே மின்பாதையில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும், எர்த் செய்யாமல் யாரும் கை வைப்பதில்லை. இங்கும் அதே விதிதான். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரால் சோதித்த பிறகே தொடுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத சில ரேடியோக்களில் சேஸிஸே ஷாக் அடிக்கும். அவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் இணைத்து சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒருமுறை எரிந்து மங்கினால் கவலையில்லை. வால்வு சூடாகும்வரை சற்றுப் பொறுங்கள்.

நல்ல கண்டென்சர்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அடுத்த முறை சென்னை போகும்போது பழைய அளவுகளை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.